மேல்மாடி என்னும் கடைமடை: குழாய்நீரின் ‘ஃபோர்ஸ்’ குறித்த ஓர் ஆய்வு

பள்ளிப் பாடநூலில் ‘விசை’ என்று பெயர் மாறிவிட்ட ஒரு சொல் குளியலறையில் மட்டும் இன்னும் ‘ஃபோர்ஸ்’ ஆகவே இருக்கிறது. ‘தண்ணி ஃபோர்ஸா வரலை’ என்பது தமிழ்நாட்டு மாடி வீடுகளில் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையே ஓங்கி ஒலிக்கும் வாக்கியம். இத்தனை புழக்கம் உள்ள சொல்லுக்கு இன்னும் யாரும் பொருள்வரையறை செய்யவில்லை. நீரின் அசைவைச் சொல்லத் தமிழில் வறுமை ஏதுமில்லை. கசிவு, சொட்டு, ஒழுக்கு, ஊற்று, பாய்ச்சல், பீறல், பெருக்கு என்று படிப்படியாக ஏறும் ஒரு வரிசையே உண்டு. அப்படியிருக்க, ‘ஃபோர்ஸ்’ என்ற இரவல் சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைத் தன் தலையில் சுமந்து நிற்கிறது. முதுகில் பட்டால் உறைக்க வேண்டும் என்பது ஒன்று. பக்கெட் சீக்கிரம் நிறைய வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்கு அழுத்தம் வேண்டும், பின்னதற்கு ஓட்டம் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால்தான் வீட்டுக்காரர், குடித்தனக்காரர், பிளம்பர் ஆகிய முத்தரப்பும் ஒரே குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டே மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. அழுத்தத்தை உயரம் தருகிறது, அந்த அழுத்தத்தைக் குழாய் தின்கிறது, தின்றது போக மிஞ்சுவதைத்தான் நாம் ஃபோர்ஸ் என்கிறோம். இக்கட்டுரை நிறுவ முற்படுவது இதை மட்டுமே.

ஆய்வுப்பொருளாக நாடெங்கும் காணப்படும் ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். தரைத்தளம், அதன்மேல் இரண்டு மாடி, மொட்டைமாடியில் கருப்பு நிறத்தில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. (எந்தக் கம்பெனி செய்தாலும் அது சின்டெக்ஸ்தான், சொல்லாய்வாளர்கள் இதைத் தனியே கவனிக்கலாம்.) தொட்டியின் அடி, மொட்டைமாடித் தளத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் செங்கல் மேடை மீது இருக்கிறது, உள்ளே அரை மீட்டர் தண்ணீர். ஒவ்வொரு மாடியும் 3 மீட்டர். இரண்டாம் மாடிக் குளியலறையில் ஷவர், தரையிலிருந்து 2.1 மீட்டரில் தொங்குகிறது. கூட்டிக் கழித்தால் தொட்டி நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே உள்ள உயரம் 2.4 மீட்டர். பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு கிலோ பிரஷர் என்பது பிளம்பர்களின் வாய்பாடு. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பதன் சுருக்கம் அது, சரியான வாய்பாடும்கூட. ஆகவே மேல்மாடி ஷவரின் மொத்த ஆஸ்தி கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தரைத்தளத்து ஷவருக்கோ 8.4 மீட்டர், அதாவது முக்கால் கிலோவுக்கு மேல். நடுவண் அரசு 1999இல் வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேடு, தெருக் குழாயில் ஒரு தள வீட்டுக்கே 7 மீட்டர் அழுத்தம் மிஞ்ச வேண்டும் என்றது. இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் மேல்மாடி ஷவர் வறுமைக்கோட்டுக்கு வெகு கீழே வாழ்கிறது.

இங்கே முதல் மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இதை எழுப்புவோரைத் தொட்டிவாதிகள் என்று அழைக்கலாம். ‘தொட்டி சின்னது சார், ரெண்டாயிரம் லிட்டர் போட்டா ஃபோர்ஸ் பிச்சுக்கிட்டு வரும்’ என்பது இவர்களது சித்தாந்தம். நீரின் அழுத்தம் அதன் உயரத்தை மட்டுமே பார்க்கும், அளவைப் பார்க்காது என்பதை ஐரோப்பிய அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586இலேயே எழுதிவிட்டார். பாஸ்கலும் அதையே விளக்கினார். அவர் நூல் 1663இல், அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தது. ஐரோப்பிய நூல்கள் கைக்கு எட்டாதோர்க்கு நம் தெருக்களிலேயே சான்று உண்டு. தெருக் குழாயில் தண்ணீர் ஏறாத ஊர்களில் வீட்டு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதன் அடியில் இறக்கி, குடத்தையும் குழிக்குள் வைத்துப் பிடிப்பதைக் காணலாம். அக்குழியைத் தோண்டியவர் அழுத்தத்தைக் கூட்டவில்லை. தன் குழாய்வாயைத் தாழ்த்தி உயரத்தைச் சம்பாதித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரம் இன்னும் அரை அடி ஆழமாகத் தோண்டுவார். தெருவில் யார் குழி ஆழமோ அவருக்கே தண்ணீர் என்னும் இந்த மௌனப் போட்டியில் ஈடுபட்டோர் அனைவரும் ஸ்டெவினின் மாணவர்களே. ஆயினும் தொட்டிவாதிகளிடம் ஒரு துளி உண்மை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தொட்டி நிறைந்திருக்கும்போதும் வற்றும்போதும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் மாறும். தரைத்தளத்தில் யாரும் இதை உணர மாட்டார்கள். மொத்த ஆஸ்தியே 2.4 மீட்டராக உள்ள மேல்மாடிக்கு அது பெரிய தொகை. ‘டேங்க் ஃபுல்லா இருந்தா நல்லா வருது’ என்ற கூற்று சரி. அதிலிருந்து ‘பெரிய டேங்க் வாங்கு’ என்று முடிவெடுப்பதுதான் தவறு.

இனிக் குழாயின் பக்கம் வருவோம். நீர் அசையாமல் நிற்கும்வரை குழாய் எதையும் தின்பதில்லை. திருகைத் திறந்த கணத்திலிருந்து சுவரோடு உராய்ந்து, உயரத்தைச் செலவழித்துக்கொண்டே வருகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் இரண்டு நிமிடத்தில் நிறையும் ஓட்டம், அரை இஞ்ச் சிபிவிசி என்னும் பிளாஸ்டிக் குழாயில் சென்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் உயரம் கரைகிறது. நம் பழைய அளவையில் சொன்னால், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சாண். அதே ஓட்டம் முக்கால் இஞ்ச் குழாயில் சென்றால் கரைவது 3 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை விரற்கடை. சாணுக்கும் விரற்கடைக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் இவ்வாய்வின் உயிர் இருக்கிறது. தொட்டியிலிருந்து புறப்பட்டு மொட்டைமாடியில் 12 மீட்டர் படுத்து, 4 மீட்டர் இறங்கி, மூலைக் குளியலறையை அடையும் குழாய் அரை இஞ்ச் என்று கொள்வோம். 16 மீட்டருக்கு 3 மீட்டருக்கும் மேல் கரைய வேண்டும். ஆனால் கையிருப்பே 2.4 மீட்டர்தான். எனவே 10 லிட்டர் வராது. வருமானத்துக்குத் தக்கபடி ஓட்டம் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும், ஷவர் வாயில் உறைப்பதற்கென்று மிச்சமும் இராது. மழைத்துளி போல விழும் என்று விளம்பரத்தில் சொன்ன ஷவர், சொன்ன சொல் தவறாமல், தூறல் போட்டுக்கொண்டிருக்கும்.

குழாய் நேராகச் சென்றால் கணக்கு இத்தோடு முடியும். குழாய்கள் நேராகச் செல்வதில்லை. கைப்பிடிச் சுவரைச் சுற்றி, சன்ஷேடைத் தாண்டி, ஏசி எந்திரத்துக்கு வழிவிட்டு, கடைசியில் டைல்ஸுக்குள் நுழைந்து செல்லும் ஒரு குழாயில் எட்டு எல்போ, அதாவது முழங்கை வளைவு, சாதாரணம். ஒவ்வொரு அரை இஞ்ச் எல்போவும் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நேர்க்குழாய் தின்னும் உயரத்தைத் தின்கிறது. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி போல, தூரம் என்னவோ ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கப்பம் கட்ட வேண்டும். எட்டு எல்போ என்பது 3 மீட்டர் குழாயைக் கூடுதலாகக் கட்டியதற்குச் சமம். இதனோடு சுவரிலிருந்து வாஷ்பேசினுக்குப் போகும் கனெக்‌ஷன் ஹோஸ் இருக்கிறதே, சுண்டுவிரல்கூட நுழையாத அதன் துளையையும், குழாய்வாயில் மணலும் உப்பும் சேர்த்து வைத்திருக்கும் சல்லடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சுவருக்குள் டைல்ஸ் ஒட்டிவிட்ட பிறகு எல்போக்களை எண்ணிப் பார்க்க எவராலும் முடியாது. பிளம்பர் ஒருவருக்கே தெரிந்த எண் அது.

கடைமடை என்ற சொல்லை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. காவிரிப் பாசனத்தில் தலைமடை வயல்கள் முதலில் நீர் குடிக்கும். கால்வாய்க் கோடியில் இருக்கும் கடைமடை, மிச்சம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அடுக்குமாடியில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. தொட்டிக்கு நேர் அடியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் குடியிருப்பவரே கடைமடை விவசாயி ஆகிறார். ஆறு மீட்டர் தள்ளிக் கீழே இருப்பவர் தலைமடை. இந்த விந்தையைப் புரிந்துகொள்ளாததால் வரும் உரையாடல் நாடெங்கும் ஒரே வடிவில் நடக்கிறது. ‘சார், மேல தண்ணி ஃபோர்ஸா வரலை.’ ‘அப்படியா? எங்களுக்கு நல்லாத்தானே வருது. தொட்டி உங்க தலைக்கு மேலதானே இருக்கு!’ கீழே இருப்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் செல்லும் குழாய் அதே அரை இஞ்ச், அதே எல்போக்கள், போதாததற்கு இன்னும் ஆறு மீட்டர் நீளம். 10 லிட்டர் ஓட்டத்தில் அவர் குழாய் ஏறத்தாழ 5 மீட்டர் தின்கிறது. ஆனால் கையிருப்பு 8.4 மீட்டர் என்பதால், இவ்வளவு விரயத்துக்குப் பிறகும் மூன்றரை மீட்டர் மிஞ்சி ஷவரில் உறைக்கிறது. வசதியுள்ளவர் வீட்டில் விரயம் தெரியாது. பெரும்பாலும் வீட்டுக்காரர் கீழேயும் குடித்தனக்காரர் மேலேயும் வசிப்பதால், குழாய் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் உடையவர்க்கு அதன் விளைவு எட்டுவதேயில்லை. இது நீரியலா சமூகவியலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

‘அரை இஞ்ச்’ என்னும் பெயரையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர் என்று நம்புவோர் குழாய்க்கடைக்குச் சென்றதில்லை. பழைய ஜிஐ இரும்புக் குழாயில் அரை இஞ்ச் என்பதன் உள்விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அதே பெயரில் வரும் சிபிவிசி குழாயின் வழக்கமான ரகத்தில் அது சுமார் 12.4. பெயர் ஒன்று, துளை வேறு. பழைய ஜிஐ குழாயைக் கழற்றிவிட்டு ‘அதே சைஸ்’ சிபிவிசி போட்டவர், பிளாஸ்டிக்கின் வழவழப்பால் கொஞ்சம் ஆதாயம் பெற்றாலும், புது ஜிஐ தந்திருக்கக்கூடிய ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார். ஆனால் கழற்றப்பட்டது புது ஜிஐ அல்லவே. போர்வெல் நீரின் உப்பு 20 ஆண்டுகளாக உட்சுவரில் அடையடையாய்ப் படிந்து, நடுவே ஒரு பென்சில் துளை மட்டும் மிஞ்சியிருக்கும். 16 மில்லிமீட்டர் துளையில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் உப்பு படிந்தால் 10 மில்லிமீட்டர் எஞ்சும். ஓட்டமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஆகவே புதுக் குழாய் போட்ட மறுநாள் வீட்டில் அனைவரும் ‘சூப்பரா வருது’ என்கிறார்கள். கழற்றிய குழாயை வெட்டிப் பார்த்தவர்க்கு அந்த மகிழ்ச்சியின் காரணம் விளங்கும்.

விட்டத்தின் இந்தக் கொடுங்கோன்மையை மனித இனம் மெதுவாகத்தான் கண்டுகொண்டது. உள்விட்டம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும் என்பது கடைத்தெருக் கணக்கு. பரப்பளவு நான்கு மடங்காகிறதே, ஆகவே ஓட்டமும் நான்கு மடங்கு என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. இரண்டும் தவறு. அதே சரிவில் ஓட்டம் ஆறு மடங்குக்கு மேல் செல்லும். அல்லது அதே ஓட்டத்துக்கு உராய்வுச் செலவு ஏறக்குறைய முப்பதில் ஒன்றாகக் குறையும். பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், இரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று அறியப் புகுந்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறுவதை 1840களில் காட்டினார். அது மெதுவான ஓட்டத்துக்குப் பொருந்தும். வீட்டுக் குழாயில் நீர் சுழன்று புரண்டு ஓடுவதால் அடுக்கு இரண்டரைக்குச் சற்று மேல் என்று குறைகிறது. திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி தார்சி, பல விட்டங்களிலும் பல உலோகங்களிலும் குழாய்களை வாங்கிச் சோதித்து 1857இல் வெளியிட்டார். அதன்பின் இதில் ஊகத்துக்கு இடமில்லை. ஆயினும் நடைமுறை ஞானம் இவர்களுக்கெல்லாம் மிக முந்தியது. கி.பி. 97இல் உரோம நகரத்தின் நீர் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், தனியார்க்கு நீர் தரும் வெண்கல வாய்களில் முத்திரை குத்தாமல் அளவை மாற்றும் ஊழியர்களையும், வாய் சரியாக இருக்க அதன் பின்னே அகலக் குழாய் மாட்டி அதிக நீர் இழுப்போரையும் பற்றிக் கடுமையாக எழுதிவைத்திருக்கிறார். விநியோகத் தொட்டியிலிருந்து முதல் 50 அடிக்குள் குறித்த அளவுக்கு மேல் அகலமான குழாய் போடக் கூடாது என்பது அந்நகரத்துச் சட்டம். முதல் 50 அடியில்தான் கொள்ளை நடக்கிறது என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. நம் மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து ஒரு இஞ்ச் நிப்பிளை எடுத்து, ஒரு சாண் தள்ளி ரெடியூசர் போட்டு அரை இஞ்ச் ஆக்குபவர், அச்சட்டத்தைத் தன் வீட்டின் மீதே விதித்துக்கொள்கிறார்.

இவ்வாய்வுக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது விரல் மறுப்பு. தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்தால் நீர் முன்னைவிட வேகமாகப் பீய்ச்சுகிறது. ஆகவே குழாய் சிறுத்தால் ஃபோர்ஸ் கூடும் என்பது கண்ணால் கண்ட உண்மை அல்லவா என்பார்கள். கண்டது உண்மை, அனுமானம் பிழை. வாயை அகலத் திறந்துவிட்டால் உயரம் முழுதும் வழியிலேயே உராய்ந்து தீர்ந்து, வாய்க்கு வரும்போது நீர் சாதுவாகச் சரிகிறது. விரல் வைத்ததும் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் பாதியானால் உராய்வுச் செலவு கால் பங்கை ஒட்டி இறங்கிவிடும். மிச்சமான உயரம் விரலுக்குப் பின்னே தேங்கி நின்று, சந்து கிடைத்த இடத்தில் வேகமாகப் பீறிடுகிறது. செடிக்கு எட்டியது உண்மை, ஆனால் பக்கெட் நிறைய முன்னைவிட அதிக நேரம் பிடிக்கும். கைபேசியில் நேரம் வைத்து யாரும் சரிபார்க்கலாம். சொல் ஒன்றாக இருந்து பொருள் இரண்டானதன் விளைவு இங்கேதான் அம்பலமாகிறது. அழுத்தமும் வேகமும் கூடின, ஓட்டம் குறைந்தது. இரண்டையும் ஃபோர்ஸ் என்றே சொல்பவர்க்கு இதில் முரண்பாடு தெரியாது. வாயைச் சுருக்குவது வேறு, வழி நெடுகச் சுருக்குவது வேறு. விரல் மறுப்பாளர்கள் தம் விரலைக் குழாயின் நுனியில் வைத்துவிட்டு, முடிவை மட்டும் 16 மீட்டருக்கும் நீட்டிவிடுகிறார்கள்.

அடுத்தவர் மோட்டார்வாதி. ‘எதுக்கு இவ்வளவு கணக்கு, பிரஷர் பம்ப் ஒண்ணு மாட்டிட்டா போச்சு’ என்று அவர் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. குழாய் டைல்ஸுக்குள் புதைந்துவிட்ட வீட்டில், சுவரை உடைப்பதைவிடப் பம்ப் மலிவு. ஆனால் பம்ப் உராய்வை நீக்குவதில்லை. அதற்கான கட்டணத்தை மின்வாரியக் கணக்கில் மாற்றி எழுதுகிறது. அதே ஒல்லிக் குழாயில் ஓட்டத்தை இரட்டிக்க விரும்பினால் அழுத்தத்தை மூன்றரை மடங்குக்கு மேல் உயர்த்த வேண்டும். மின்சாரம் போன நேரத்தில் மேல்மாடி மீண்டும் கடைமடை ஆகிவிடும், பம்பின் உடம்பே வழியில் இன்னொரு தடையாக நிற்கும். மற்றொரு யோசனை, தொட்டியையே உயர்த்துவது. ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.1 கிலோ கிடைக்கும். அதற்கு நீரும் தொட்டியுமாக ஒரு டன்னுக்கு மேல் எடையை இன்னும் ஒரு மீட்டர் மேலே தாங்கப் பீம் கட்ட வேண்டும். நம் மாதிரி வீட்டில் 16 மீட்டர் அரை இஞ்ச் குழாயை முக்கால் இஞ்ச் ஆக்கினால், 10 லிட்டர் ஓட்டத்தில் எல்போக்கள் உட்பட 3 மீட்டர் உயரம் மிச்சமாகிறது. தொட்டியை ஒரு மாடி அளவு உயர்த்தியதற்கு ஈடான காரியம் அது. கட்டடம் கட்டும்போதே செய்தால், குழாய் விலையில் உள்ள வித்தியாசம் கிரகப்பிரவேசப் பந்தலின் வாடகைக்கு முன் நிற்காது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரு இஞ்ச் ஆக்கிவிடலாமே என்று மிகையார்வலர் கேட்பார். இங்கே ஆய்வாளன் நிதானம் காட்ட வேண்டியிருக்கிறது. ஒற்றைக் குளியலறைக்கு 10 லிட்டர் என்று கொண்டால், அரையிலிருந்து முக்காலுக்கு மாறும்போது மிச்சமாவது 3 மீட்டர். முக்காலிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது மிச்சமாவது அரை மீட்டருக்கும் கீழே. எச்சில் கையை நக்குவது போன்ற ஆதாயம். ஒரு தளம் முழுவதற்கும் பொதுவான குழாயில் கதை வேறு. ஷவர், சமையலறை, துணி துவைக்கும் எந்திரம் என்று ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் சென்றால், முக்கால் இஞ்ச்சில் 3 மீட்டருக்கு மேல் கரையும், ஒரு இஞ்ச்சில் ஒரு மீட்டரோடு நிற்கும். ஆகவே தண்டு பெருத்தும் கிளை சிறுத்தும் இருக்க வேண்டும். ஆலமரத்துக்குத் தெரிந்தது இது. கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயைப் பெருக்குவதில் ஒரு தனி அபாயமும் உண்டு. 10 மீட்டர் அரை இஞ்ச் குழாய்க்குள் ஒன்றேகால் லிட்டர் ஆறிப்போன நீர் நிற்கும்; முக்கால் இஞ்ச்சில் இரண்டரை லிட்டர். மார்கழிக் காலையில் அந்தக் கூடுதல் நீர் வெளியேறும்வரை ஒற்றைக் காலில் நிற்பவர் எந்த நீரியல் வாதத்தையும் ஏற்க மாட்டார். அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் படுத்திருக்கும் குழாயோ, வெயிலை வாங்கி, ‘பச்சைத் தண்ணீர்’ என்று எழுதிய திருகிலேயே வெந்நீர் தரும். அப்போது குழாய் பெருத்திருந்தால் வெந்நீரும் கூடுதல்.

அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அளவைப் பற்றிச் சொன்னது பாதி வீண். ஒரே இறக்குக் குழாயில் மேல்மாடிக்கு ஒரு டீ இணைப்பு, நடுமாடிக்கு ஒரு டீ, கடைசியில் தரைத்தளம் என்று கோத்துவிட்டால், கீழே யாரோ பக்கெட்டுக்குக் குழாயைத் திறந்த கணத்தில் மேல்மாடி ஷவர் மூச்சு விடும். ‘ஹூம்’ என்ற அந்த ஒலியைக் குடித்தனக்காரர்கள் பேய் என்றும், பிளம்பர்கள் ஏர் என்றும் சொல்வார்கள். நடப்பது என்னவெனில், கீழே நீர் விரைந்து இறங்கும்போது பொதுக் குழாயிலேயே உயரம் முழுவதும் செலவாகிவிடுகிறது. மேல் டீ இருக்கும் இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே போய், திறந்த ஷவர் வழியே காற்றை உள்ளே இழுக்கிறது. தண்ணீர் தர வேண்டிய குழாய் காற்றை வாங்கிக்கொள்ளும் இந்த நிலை, கடைமடைக்கு நேரக்கூடிய உச்சபட்ச அவமானம். ஒவ்வொரு தளத்துக்கும் தொட்டியிலிருந்தே தனிக் குழாய் இறக்கினால் இது நிகழாது. இன்னொன்று, குழாயின் முதுகு வளைவு. கைப்பிடிச் சுவரைத் தாண்டக் குழாயை மேலேற்றி இறக்கினால், அந்தத் திமிலில் காற்று குடியேறிவிடும். கீழ்த்தளத்துக் கனமான நீர்த்தூண் அதைத் துரத்திவிடக்கூடும். 2 மீட்டரை நம்பியிருக்கும் மேல்மாடிக் குழாயால் இயலாது. அதனால்தான் இறக்குக் குழாயின் தலையில், தொட்டி நீர்மட்டத்தைவிட உயரமாக, தாத்தாவின் கைத்தடி போல் வளைந்த ஏர் வென்ட் பைப் நிற்கிறது. அது எதற்கென்று தெரியாமல் கொடிக்கயிறு கட்டுவோர் உண்டு. குருவி கூடு கட்டும் என்று துணி வைத்து அடைப்போரும் உண்டு. பிறகு தண்ணீர் வரவில்லை என்று பிளம்பரை அழைத்து, அவர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி ஏர் எடுப்பதைப் பயபக்தியோடு பார்த்து நிற்பார்கள். நகரத்தின் 20 மாடிக் கட்டடங்களில் இதற்கு நேர்மாறான துயரம். கீழ்த்தளங்களில் 6 கிலோ பிரஷர் ஏறி, திருகை மூடும்போதெல்லாம் குழாய் சுவருக்குள் மடார் என்று அறைகிறது. அழுத்தத்தைக் குறைக்கவே வால்வு வாங்கி மாட்டுகிறார்கள்.

எஞ்சியிருக்கும் கடைசி மறுப்பு, இத்தனை கோளாறும் இருந்தும் மக்கள் எப்படி நாள்தோறும் குளித்து முடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்பது. விடை பக்கெட்டில் இருக்கிறது, அதாவது சொல்லுக்குச் சொல் பக்கெட்டுக்குள். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று சோர்ந்து விழும் குழாயை, பல் தேய்க்கும் நேரத்தில் திறந்துவிட்டு பக்கெட்டை நிரப்பிக்கொள்வது, மொட்டைமாடித் தொட்டியின் வேலையைக் குளியலறைத் தரையில் இரண்டாம் முறையாகச் செய்வதாகும். அதன்பின் ஒரு லிட்டர் மக்கை மொண்டு ஒரு நொடியில் தலையில் கவிழ்த்தால், அந்த நொடிக்கு ஓட்ட வீதம் நிமிடத்துக்கு 60 லிட்டர். எந்த நட்சத்திர விடுதியின் ஷவரும் இதன் அருகில் வர முடியாது. இதற்கு உயரம் வேண்டாம், முக்கால் இஞ்ச் வேண்டாம், எல்போக் கணக்கு வேண்டாம். கை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவே தேவையான நீர்மட்டம். கடைமடை விவசாயி குளம் வெட்டி நீர் தேக்கிக்கொண்டதைப் போலத்தான் மேல்மாடிக் குடித்தனக்காரர் பக்கெட்டை வைத்திருக்கிறார். அவர் தலைக்கு மேலே குரோமியம் பூசிய ஷவர், ஈரத் துண்டையும் ஷாம்பு பாக்கெட்டையும் தாங்கிக்கொண்டு, சொட்டு ஒன்றை நெடுநேரம் யோசித்து விடுகிறது.